மாணவர் பக்கத்தில் ஒரு பழைய படத்துக்கு இடம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மாதிரி வினாத்தாள்களை எங்கள் படுவான்கரைப் பிள்ளைகள் வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். நல்ல சேவை. அதே பக்கத்தில் வாரம் ஒரு பழைய புகைப்படமும் போடுங்கள், கீழே ஒரு வரி விளக்கம்கூட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

தரம் 6 முதல் 11 வரை வரலாறு கட்டாயப் பாடம். ஆனாலும் பிள்ளைகளுக்கு அது ஆண்டையும் மன்னர் பெயரையும் பாடமாக்குகிற வேலையாகவே இருக்கிறது. பாடநூலிலும் படங்கள் உண்டுதான். படத்துக்குக் கீழேயே விடையும் உண்டு. அதை வாசித்ததும் கண் அடுத்த பந்திக்குப் போய்விடும்.

போன தவணை, கல்லடிப் பழைய பாலத்தின் படமொன்றைப் பெரிதாகப் பிரதி எடுத்துத் தரம் 9 பிள்ளைகளிடம் கொடுத்தேன். பாலம் எது, எந்த ஆண்டு என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் முதலில் சொல்லச் சொன்னேன். "உச்சி வெயில் நேரம் ரீச்சர்" என்றான் ஒருவன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நிழல் காலடியிலேயே கிடக்கு." பின்வாங்கில் இருக்கும், வாயே திறக்காத ஒரு பிள்ளை எழும்பி, "சனமெல்லாம் ஓரத்துல ஒதுங்கி நிக்குது. முன்னால ஏதோ வாகனம் வருது போல" என்றாள். படத்தில் வாகனமே இல்லை. நிற்கிற ஆட்களின் உடம்பை வைத்தே படத்துக்கு வெளியே இருப்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதோடு வகுப்பே கிளம்பிவிட்டது. இவ்வளவு ஒடுக்கமான பாலத்தில் எதிரே வருகிற பஸ் எங்கே நிற்கும்? பாலம் வர முதல் வாவியை எப்படிக் கடந்தார்கள்? 1924இல் கட்டப்பட்டது, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் என்று அழைக்கப்பட்டது, 2013இல் புதுப்பாலம் திறக்கும்வரை வாகனங்கள் மாறி மாறித்தான் போய்வந்தன என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் சொன்னேன். அவர்களே கேட்ட கேள்விக்கு வந்த பதில் என்பதால் அந்த ஆண்டை ஒருவரும் மறக்கவில்லை.

எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. படத்தில் விரல் வைத்து ஆதாரம் காட்ட முடியாத எதையும் பலகையில் எழுதமாட்டேன். பிள்ளைகளே ஒருவரை ஒருவர் மடக்கிக் கேட்கிறார்கள்.

அநுராதபுரப் பாடத்துக்கும் இது பொருந்தும். 1870களின் தொடக்கத்தில் யோசப் லோட்டன் அங்குள்ள இடிபாடுகளைப் படம் பிடித்தார். இன்று வெள்ளையாய் நிற்கிற தூபிகளை மட்டுமே பார்த்த பிள்ளை, மரம் மூடிய மேட்டைக் கண்டதும் "இதை ஏன் விட்டுட்டுப் போன?" என்று கேட்கும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுப் படங்களும் நல்லவைதான். ஒரு பிள்ளை கொண்டுவந்த கலியாணப் படத்தின் கீழ்ப்பாதியில் பழுப்பாய் ஒரு நீர்க்கோடு. 2004 டிசம்பர் 26 கடல் வந்து போன அடையாளம் அது. ஆனால் எல்லோரையும் கொண்டுவரச் சொல்லக்கூடாது. கடலிலும் இடப்பெயர்விலும் ஒரு படம்கூட மிஞ்சாத வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அதனால்தான் பத்திரிகையிடம் கேட்கிறேன். பத்திரிகைப் படம் எல்லாப் பிள்ளைக்கும் பொது.

படம் பெரிதாக, முகம் தெரியும்படி அச்சாகட்டும். ஆண்டு, இடம், எடுத்தவர் விபரத்தை அடுத்த வாரம் போடுங்கள், பிள்ளைகள் எழுதி அனுப்பியவற்றில் இரண்டு மூன்றையும் சேர்த்து. 1978 நவம்பர் 23 சூறாவளிப் படம் ஏதும் உங்களிடம் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். தென்னைகள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்று பார்த்துக் காற்றடித்த திசையைப் பிள்ளைகள் சொல்வார்கள். சரியா என்று வீட்டில் அம்மம்மாவிடம் கேட்பார்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.