காப்பர்-டி எடுக்கக் கேட்டு வருகிறவர்கள்: தளியிலிருக்கும் தோழிக்கு

பாலக்கோடு,
வைகாசி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாங்காய் இறக்கும் நேரம். தோப்பு வேலைக்குப் போகிற பெண்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள், அதனால் பதில் எழுத இன்றுதான் கை வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. சின்னவள் ஓசூரில் கல்லூரி சேர்ந்தது இன்னும் பெரிய சந்தோஷம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். புதிதாக வந்திருக்கும் மூன்று செவிலியர் பிள்ளைகளும் கரு நிற்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியை வைப்பதைப் பயிற்சியில் நன்றாகவே கற்றிருக்கிறார்கள், எடுக்கச் சொல்லி வருகிறவர்களிடம்தான் தடுமாறுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடு. எடுக்கச் சொல்லி ஒரு பெண் வந்தால் எடுத்துத் தர வேண்டும். ஏன் என்று கேட்கலாம். அவள் சொல்லும் காரணம் போதாது என்று திருப்பி அனுப்பக் கூடாது. "இன்னும் மூணு மாசம் பொறுத்துப் பாரு", "வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா", "தூரமானதும் வா" என்பதெல்லாம் நாமே கட்டிய வேலி. எடுப்பதற்கு மாதவிடாய் வர வேண்டியதில்லை, கணவர் கையெழுத்தும் வேண்டியதில்லை. பதிவேட்டில் ஒரு எண்ணிக்கை குறையுமே என்று சிலர் யோசிக்கிறார்கள். இலக்கு வைத்து ஆள் சேர்க்கும் முறையை 1996-லேயே நாடு முழுக்க விட்டாயிற்று. அந்த எண்ணிக்கை அவள் உடம்பைவிடப் பெரிதில்லை.

பெண்களுக்கு இதன்மேல் இருக்கும் பயத்தில் பெரும்பகுதி செம்பைப் பற்றியது இல்லை என்பது என் எண்ணம். "வெச்சா எடுக்க மாட்டாங்க" என்பதுதான் உள்ளே இருக்கும் பயம். கேட்ட அன்றைக்கே எடுத்துத் தருவார்கள் என்று ஊரில் பேச்சு பரவினால், வைத்துக்கொண்டவர்களும் பதறாமல் இருப்பார்கள். பிரசவ வார்டில் வைக்கப்பட்டவர்களிடம் இதை இன்னும் கவனமாகப் பேச வேண்டும். "சொல்லாமலே வெச்சுட்டாங்க" என்று ஒருத்தி வந்தால் வாதாடாதே. வலி உச்சத்தில் இருக்கும்போது கேட்டு வாங்கிய தலையசைப்பு சம்மதம் ஆகாது. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே பேசி, அட்டையில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பொருளைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல். தேதி முடிந்த ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் போதும். காப்பர்-டியில் 380ஏ என்ற வகை நெட்டுக்கு 36 மில்லிமீட்டர், குறுக்கே 32 மில்லிமீட்டர், வெள்ளைப் பிளாஸ்டிக். தண்டில் மெல்லிய செம்புக்கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். இரண்டு கையிலும் ஒவ்வொரு செம்புக் குழல். அடியில் ஒரு சின்ன உருண்டை, அதில் கோத்த இரண்டு நூல், வைத்த பிறகு கருப்பை வாய்க்கு வெளியே தெரிவது. 380 என்பது வெளியே தெரியும் செம்பின் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். இதைத் தொட்டுப் பார்த்தவள் "இவ்ளோதானா" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நாம் பேசுவது காதில் ஏறும்.

கிழவிகள் இன்னும் "லூப்பு" என்றுதான் சொல்வார்கள். 1965-இல் அரசுத் திட்டத்தில் வந்தது அது. பாம்பு மாதிரி வளைந்த வெறும் பிளாஸ்டிக், செம்பு கிடையாது. அதில் ரத்தப்போக்கு கண்டவர்கள் மகளுக்கும் பேத்திக்கும் சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பயம் இன்றுவரை வந்திருக்கிறது. அதனால் "அறியாமை" என்று ஒதுக்காமல், அது வேறு, இது வேறு என்று எடுத்துச் சொல்லலாம்.

இனி உண்மையான தொந்தரவு. ரத்தப்போக்கும் அடிவயிற்று வலியும்தான் முக்கியம். முதல் 3 முதல் 6 மாதம் வரை மாதவிடாய் கூடுதலாகப் போகும், நாளும் நீளும், நடுவில் சொட்டுச் சொட்டாகவும் படும். கருப்பையின் உள்தோல் செம்போடு பழக எடுக்கும் காலம் அது. இதை வைக்கும்போதே சொல்லியிருந்தால் பாதிப் பேர் பதறி ஓடி வர மாட்டார்கள். வலிக்கும் போக்குக்கும் இபுப்ரோஃபன் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு நாளுக்கு இரண்டு வேளை, 5 நாள். வயிற்றுப்புண் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தர வேண்டும். ஆஸ்பிரின் வேண்டாம், போக்கைக் கூட்டிவிடும். இதற்கும் அடங்காவிட்டால் போக்கைக் குறைக்க டாக்டர் டிரானெக்ஸாமிக் அமிலம் எழுதுவார். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு ரத்தம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும் என்று உனக்குத் தெரியாததா. களியும் கீரையும் சாப்பிட்டாலும் கல் சுமந்து, மரவள்ளி பிடுங்கி, மூன்று வீட்டு வேலை பார்க்கிற உடம்பு. ஆகையால் போக்கு அதிகம் என்று வருகிறவளுக்குப் பேச்சோடு நிறுத்தாமல் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பி. டீயோடு சேர்த்துப் போடக் கூடாது, எலுமிச்சையோ நெல்லியோ கூட இருந்தால் நல்லது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே வந்தால் அன்றே மேல்மருத்துவமனை. அங்கே அனுப்பும்போது "டி வேண்டாம்" என்று அவள் சொன்னதையும் சீட்டில் எழுது. 6 மாதம் தாண்டியும் போக்கு குறையாமல் இருந்தாலோ, வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று போக்கு கூடினாலோ, டி மேல் பழியைப் போட்டு முடித்துவிடாதே. நார்க்கட்டி, தொற்று, கர்ப்பம் எல்லாம் பார்க்க வேண்டும்.

வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடுவது இயல்பு. நாற்றம், அரிப்பு, நிறமாற்றம், கூடவே காய்ச்சல், உறவின்போது வலி இருந்தால் தொற்று. இடுப்பெலும்புக் குழித் தொற்று, அதாவது கருப்பையிலும் கருக்குழாயிலும் வருவது, பெரும்பாலும் வைத்த முதல் 20 நாளுக்குள் வரும், ஏற்கனவே இருந்த கிருமி உள்ளே போவதால். ஆன்டிபயாடிக் ஆரம்பித்ததும் டியை எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ, அவளே எடுக்கச் சொன்னாலோ எடுக்க வேண்டும்.

"நெஞ்சுக்கு ஏறிடுமா" என்ற கேள்விக்குச் சிரிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல். கருப்பை ஒரு மூடிய பை, அதிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. ஆனால் கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கும், பெரும்பாலும் வைக்கும்போதே. அதையும் மறைக்காமல் சொன்னால்தான் மற்றதை நம்புவார்கள். செம்பு டியில் ஹார்மோன் இல்லை, அதனால் உடம்பு போடுவதற்கு அது காரணம் இல்லை. பாலூட்டலாம், பாரம் தூக்கலாம், ஓசூர் கம்பெனி வேலைக்கும் போகலாம். புற்றுநோய் வராது. நூல் கணவருக்குக் குத்தினால் அதற்காக டியை எடுக்க வேண்டாம். நூலைக் கத்தரித்துக் குட்டையாக்கினால் போதும், ஆனால் நூல் இனி கைக்குத் தட்டுப்படாது என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி எடுப்பது. முதலில் அவள் அடுத்து என்ன விரும்புகிறாள் என்று கேள். குழந்தை வேண்டும் என்றால் எந்த நாளிலும் எடுக்கலாம், அடுத்த சுற்றிலேயே கரு நிற்கலாம், "மூணு மாசம் கழிச்சுத்தான்" என்று ஒன்றும் இல்லை. குழந்தை வேண்டாம், டியும் வேண்டாம் என்றால் கடைசி 7 நாளில் உறவு இருந்ததா என்று கேள். இருந்தால், உள்ளே ஏற்கனவே போன விந்தணுவால் கரு நிற்க வாய்ப்பு உண்டு. அதைச் சொல், உறவைத் தவிர்த்து, ஒரு வாரம் கழித்து எடுக்கலாமா என்று கேள். இன்றைக்கே வேண்டும் என்றால் இன்றைக்கே எடு. நிரோத் ஆணுறை தந்து அனுப்பு. அந்தரா கருத்தடை ஊசி போட்டால், மாதவிடாயின் முதல் 7 நாளைத் தாண்டிப் போடும்போது 7 நாள் நிரோத் கூட வேண்டும். சாயா கருத்தடை மாத்திரை என்றால் முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல். திரை போடு. கையால் உள்பரிசோதனை செய்து கருப்பை முன்னே சாய்ந்திருக்கிறதா, பின்னே சாய்ந்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா பார். வழியை விரித்துக் காட்டும் கஸ்கோ ஸ்பெகுலம் போட்டு, கருப்பை வாய் தெரிந்ததும் கிருமிநாசினி போவிடோன் அயோடின் நனைத்த பஞ்சால் இரண்டு மூன்று முறை துடை. நேரான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் இடுக்கியால் இரண்டு நூலையும் சேர்த்துப் பிடி. ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடச் சொல், அவள் மூச்சு விடும்போது சீராக, வெட்டி இழுக்காமல் இழு. கைகள் மேல்நோக்கி மடங்கியபடி டி நழுவி வரும். நொடிக்கணக்கில் முடிகிற வேலை, ஒரு சுரீர் வலி, அவ்வளவுதான்.

வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதே. கருப்பை அதிகமாக வளைந்திருந்தால் கருப்பை வாயை வல்செல்லம் என்ற இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தால் பாதை நேராகும், பிறகு வரும். அதற்கும் வராவிட்டால் சுவரில் பதிந்திருக்கலாம். அங்கேயே நிறுத்தி டாக்டரிடம் அனுப்பு. சிலருக்குத் தலைசுற்றி வியர்க்கும், நாடி குறையும். மேசையிலிருந்து இறக்காமல் தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்திப் படுக்கவை, சில நிமிடத்தில் தெளிந்துவிடும்.

எடுத்ததைப் பஞ்சில் சுருட்டிக் கூடையில் போடாதே. தண்டு, இரண்டு கை, உருண்டை எல்லாம் முழுதாக இருக்கிறதா என்று நீ பார்த்துவிட்டு அவளுக்கும் காட்டு. உள்ளே ஒன்றும் தங்கவில்லை என்று கண்ணால் கண்டால்தான் பயம் விடும். வருஷங்கள் இருந்த டி கறுத்திருக்கும், மேலே சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கும். "துரு பிடிச்சிருக்கு, இது என் ரத்தத்துல கலந்துடுச்சா" என்பாள். பூஜைச் செம்பு நிறம் மாறுகிற மாதிரிதான் என்று சொல், சட்டென்று புரியும்.

நூல் தெரியாதவர்கள்தான் பெரிய வேலை. பிரசவம் ஆனதும், அதிலும் சிசேரியனில் வைத்ததில், நூல் மேலேயே சுருண்டிருப்பது சகஜம். மெல்ல மெல்ல இறங்கும், ஆறு வாரப் பரிசோதனையில் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். எப்போது நூல் தெரியாவிட்டாலும் முதல் கேள்வி கர்ப்பமா என்பதுதான், சிறுநீர்ப் பரிசோதனை செய். இரண்டாவது கேள்வி, அவளுக்கே தெரியாமல் விழுந்துவிட்டதா. பிரசவத்தோடு வைத்ததில் இது கூடுதல். கருப்பை வாயின் உள்வழியில் சைட்டோபிரஷ் என்ற சின்னத் தூரிகையை மெல்லச் சுழற்றினால் நூல் சில சமயம் வெளியே வரும். வராவிட்டால் ஸ்கேன். ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தால் அத்தோடு விடக் கூடாது, வயிற்றுக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுத்தால்தான் விழுந்ததா, வயிற்றுக்குள் போனதா தெரியும். கருப்பைக்குள் இருப்பதை ஹிஸ்டரோஸ்கோப்பி (கருப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) மூலமும், வயிற்றுக்குள் போனதை லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விடுவது) மூலமும் எடுப்பார்கள். உன் பக்கத்திலிருந்து கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, என் பக்கத்திலிருந்து தருமபுரி. அஞ்செட்டியிலிருந்தும் மலைக்கிராமங்களிலிருந்தும் போகிறவளுக்கு ஒரு நாள் கூலி போகும். அதனால் எந்த நாள், எந்த வார்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று போனில் கேட்டு எழுதிக் கொடுத்து அனுப்பு. இரண்டாம் முறை வரச் சொன்னால் அவள் வர மாட்டாள்.

டி இருக்கும்போது கரு நின்றுவிட்டால், அது கருப்பைக்குள்தான் இருக்கிறதா, குழாயிலா என்று உடனே பார்க்க வேண்டும். கருப்பைக்குள் இருந்து நூலும் தெரிந்தால் டியைச் சீக்கிரம் எடுத்துவிடுவதே நல்லது. விட்டு வைத்தால் கருச்சிதைவும் தொற்றும் கூடும். எடுப்பதிலும் சின்னதாகக் கரு கலையும் அபாயம் உண்டு, அதைச் சொல்லி, டாக்டர் முன்னிலையில் எடுக்க வேண்டும்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அட்டையைத் தொலைத்து வருகிறவர்கள் உன் பக்கமும் அதிகம்தானே. டி இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லும், எந்த வருஷம் வைத்தது என்று சொல்லாது. 380ஏ 10 வருஷம், இன்னொரு வகையான 375 என்றால் 5 வருஷம். தேதி எப்படியும் தெரியாவிட்டால் எடுத்துவிட்டு, விரும்பினால் அதே அமர்வில் புதியதை வைக்கலாம். அட்டையை அவள் செல்போனில் படம் எடுத்து வைக்கச் சொல்வதை வழக்கமாக்கு. குடும்பநல ஆபரேஷனுக்கு அனுப்பும் சீட்டிலும் "டி உள்ளது" என்று பெரிதாக எழுது. ஆபரேஷன் முடிந்த பிறகு உள்ளே டி இருப்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆனவர்களிடமும் கேட்க மறக்காதே.

உன் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நிறைய. எடுப்பது பற்றிய நாலு வரியை அந்த இரண்டு மொழியிலும் எழுதி சுவரில் ஒட்டச் சொல். தமிழ் வரியை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன்: "காப்பர்-டி எடுக்க விரும்பினால் எந்த நாளும் வரலாம்."

அன்புடன்,
செல்வி

பி.கு.: பாக்கெட்டில் போட்டிருக்கும் காலாவதித் தேதி, பிரிக்காத பாக்கெட் கிருமியில்லாமல் இருக்கும் காலம் மட்டுமே. அந்தத் தேதிக்கு முந்தின நாள் வைத்தாலும் உள்ளே 10 வருஷம் வேலை செய்யும். பாக்கெட்டுக்குள் செம்பு கறுத்திருந்தாலும், உறை கிழியாமல் தேதிக்குள் இருந்தால் வைக்கலாம். நீ குழம்பியது இதுதான் என்று நினைக்கிறேன்.