சு., உன் கல்யாணத்துக்கு வருகிறேன்

அன்புள்ள சு.,

வருவதென்று நேற்று இரவுதான் முடிவு செய்தேன். பத்திரிகை வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உறையின் மேல் என் அப்பாவின் பெயரும் ‘குடும்பத்தினர்’ என்பதும் உன் அப்பாவின் கையெழுத்தில் இருக்கின்றன. உன் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய், அதனால் இங்கே எழுதுகிறேன். நான் இங்கே எழுதுவதை நீ விடாமல் படிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் பெயரை முழுதாக எழுதவில்லை. உன் புக்ககத்தார் கண்ணிலும் இது படலாம்.

காத்மாண்டு போகும் யோசனை யாருடையது, சனி ஞாயிறுக்குள் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டது யார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். உன் பாஸ்போர்ட் எப்படிப் போனது என்பதும் தெரியும். ஊராருக்கு அது மழையில் போனது. அப்படியே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை டெல்லி விமானம் பறக்கத் தயாராக இருந்தது. என் பாஸ்போர்ட் என் பையில் இருந்தது. தூதரகத்தில் அவசரச் சான்று வாங்கி உன்னை விமானத்தில் ஏற்ற எத்தனை நாளாகும் என்று தெரியவில்லை. உன் அப்பாவோ செவ்வாய் இரவு சென்னையிலிருந்து திரும்புகிறார். தரை வழியாகப் போனால் எல்லையில் ஆதார் அட்டையைக் காட்டியாவது இந்தியாவுக்குள் வந்துவிடலாம் என்றாய். “நீ விமானத்தில் போ, நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்” என்று நீ சொன்னது உண்மைதான். சொல்லும்போதே என் பையின் வாரை நீ பிடித்திருந்ததும் உண்மைதான்.

2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை. மழை ஓய்ந்திருந்தது. காத்மாண்டுவில் 24 மணி நேரத்தில் சுமார் 240 மில்லிமீட்டர் கொட்டியது என்பதும், நாடு முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள் என்பதும் நமக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம் சேறு. நகரை விட்டு மேற்கே இறங்கும் பாதையில் லாரிகள் அசையாமல் நின்றன. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, மக்கள் எதிரே நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். நாமும் இறங்கி நடந்தோம். உன் வலது கால் செருப்பைச் சேறு விழுங்கியது. என் துப்பட்டாவின் முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தாய். மண்சரிவைத் தாண்டி அந்தப் பக்கம் போன பிறகுதான் ஜீப் கிடைத்தது.

ஓட்டுநர் உன் ஐந்நூறு ரூபாய்த் தாள்களைத் தொடவே இல்லை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாள அரசு 2018 டிசம்பரிலேயே தடை செய்திருந்தது. என் அம்மா கட்டிக் கொடுத்த நூறு ரூபாய்க் கட்டை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தேன். ஆமாம், என் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பசுபதிநாதருக்கு என்று மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த காணிக்கையும் அந்தக் கட்டில்தான் இருந்தது. அதுவும் ஜீப் வாடகையில் கரைந்தது. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முக்லிங்கைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. திரிசூலி ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கூடவே வந்தது. சிமல்தால் என்ற இடத்தில் ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். அந்த ஆண்டு ஜூலை 12 விடியுமுன் மண்சரிவு இரண்டு பஸ்களை ஆற்றுக்குள் தள்ளிய இடம் அது. இரண்டிலுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஜீப்பில் இருந்த ஒரு பாட்டி கைகூப்பினாள்.

நீ என் கையைப் பிடித்தாய். உன் உள்ளங்கை சில்லென்று இருந்தது. பிறகு, தேர்வு அறைக்கு வெளியே நின்று ஒப்பிக்கிறவளைப்போல, 1950ஆம் ஆண்டு இந்திய-நேபாள ஒப்பந்தத்தைச் சொல்லத் தொடங்கினாய். ஏழாவது பிரிவு, இரு நாட்டுக் குடிமக்களும் மற்ற நாட்டில் வசிக்கலாம், தொழில் செய்யலாம், நடமாடலாம். “அப்படியென்றால் என்னை உள்ளே விட்டுவிடுவார்கள், இல்லையா?” என்றாய். விடுவார்கள் என்றேன். மறுபடி கேட்டாய். மறுபடி சொன்னேன். புட்வல் ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். குண்டும் குழியுமான அந்தச் சாலையில் உன் தலை என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. உன் வீட்டைப் பற்றி அப்போது நீ சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அதற்கு நான் கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன். நீ எனக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?

எல்லை ஊரான சுனௌலியில் விடிந்தது. காவலர் உன் ஆதார் அட்டையைப் பார்த்தார், உன் வெறும் காலைப் பார்த்தார். “நடந்தேவா வந்தாய் மகளே?” என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு வழிவிட்டார். எல்லை வாயில் வளைவைத் தாண்டியதும் நடுச் சாலையில் நின்று கைக்கடிகாரத்தை இந்திய நேரத்துக்குக் கால் மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. கோரக்பூர் பஸ்ஸில் நாம் தின்ற வேர்க்கடலைக்கு ஈடாக இன்னும் எதையும் நான் தின்றதில்லை.

அந்தச் சிரிப்பை நினைத்தால் எல்லாவற்றையும் மன்னித்துவிடத் தோன்றும். உடனே காந்தி ஜெயந்தி காலை நினைவுக்கு வரும். டெல்லி ராமகிருஷ்ணாபுரத்தில் உங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடி, திறந்த கதவு, எதிர் வீட்டு மாமி. “என் பெண்ணைக் கெடுத்தவள் நீதான்” என்றார் உன் அப்பா. நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். இவள் விமானத்தை விட்டுவிட்டு என்னோடு வந்தாள், அப்பா. இவ்வளவுதான் நீ சொல்ல வேண்டியிருந்தது.

நான் குரலை உயர்த்தினேன். அவர் இரத்த அழுத்தக்காரர், பெரியவர், அக்கம்பக்கத்தார் முன்னால் அவரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று என் அப்பா சொன்னார். மாமா இதைப் படித்தால், அந்தக் குரலுக்காக என்னை மன்னித்துவிடுங்கள். ஆனால் நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. உங்கள் பெண்ணை நான் கூட்டிப் போகவில்லை, கூட்டி வந்தேன். வளர்ந்த பெண் ஒருத்தி தன் தோழியோடு அண்டை நாட்டுக்குப் போய்வந்ததில் யார் கெட்டுப்போனார்கள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

உன் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். மாப்பிள்ளை நல்ல குணம் என்கிறார்கள், சந்தோஷம். முதுகலைக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தவள் அதை என்ன செய்தாள் என்று இங்கே கேட்கப்போவதில்லை. நேரில் கேட்பேன்.

நமக்குப் பொதுவான சிநேகிதிகள், “பழசை மறந்துவிட்டு வா” என்கிறார்கள். மறந்துவிட்டு வருவதாக இல்லை. மலை மந்திர் முருகன் கோயில் படிகளில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்துப் புளியோதரையைப் பங்கு போட்ட பழசும் அதோடு போய்விடும். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ இல்லாமல் கல்லூரியின் கடைசி ஆண்டை ஓட்டிய கோபம். முதல் நாள் மாலை மருதாணி வைத்துக்கொள்ள உன் பக்கத்தில் உட்காரும் உரிமையும் எனக்கு இருக்கிறது.

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு என்று போட்டிருக்கிறது. எட்டு மணிக்கே மண்டபத்துக்கு வந்துவிடுவேன். அம்மாவும் வருகிறாள். அதற்குள் உன் அப்பாவிடம் சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமையே டெல்லி வந்திருக்க வேண்டியவள், உனக்காகப் புதன்கிழமை வந்து சேர்ந்தாள் என்று சொல். கல்யாண வேலையில் அவருக்குக் காது கொடுக்க நேரம் இல்லாவிட்டால், நான் அங்கே வந்த பிறகு, எதிர் வீட்டு மாமி கேட்கும்படி சொல்.

அன்புடன்,
நி.