4கே என்று விற்ற பெட்டியில் 480பி படம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஸ்ட்ரீமிங் பெட்டியின் தரம் குறித்த தவறான விளம்பரம்.

ஐயா / அம்மையீர்,

தங்கள் ஸ்ட்ரீமிங் பெட்டியைக் கடந்த மாதம் வாங்கினேன். அட்டையின் முகப்பில் '4கே அல்ட்ரா எச்.டி.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நான் சந்தா கட்டும் ஓடிடி சேவைகளில் ஒன்றுகூட அதில் 480பி என்னும் குறைந்த தரத்தைத் தாண்டவில்லை.

இதற்கு முன் எங்கள் வீட்டில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் கோடி (Kodi) என்னும் படம் ஓட்டும் மென்பொருளைப் போட்டுப் பல ஆண்டுகள் படம் பார்த்து வந்தோம். பாட்டு, பழைய படங்கள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் 2 டிபி ஹார்டு டிஸ்கில் இருந்தன. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் முணுமுணுக்காமல் ஓடும். ஓடிடி படங்கள் மட்டும் மங்கலாக வரும். வைட்வைன் என்னும் நகல் தடுப்புப் பூட்டில் அந்தக் கணினிக்கு எல்3 என்னும் கீழ்நிலைத் தரம்தான் உண்டு. அந்த ஒரு குறைக்காகவே அதைப் பரணில் ஏற்றிவிட்டுத் தங்கள் பெட்டிக்கு மாறினேன். இந்தப் பூட்டின் (டிஆர்எம்) தரத்தைக் காட்டும் செயலியை இதில் நிறுவிப் பார்த்தால், இங்கும் அதே எல்3.

தங்கள் பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல. தொலைபேசியில் பேசியவர்களுக்குத் தெரியவில்லை என்பதால் விளக்குகிறேன். எல்1 என்னும் மேல்நிலைத் தரமுள்ள சாதனத்தில் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே படத்தின் பூட்டு திறக்கிறது. எல்3-இல் அந்த வேலையை வெறும் மென்பொருள் செய்கிறது. இடையில் யாரேனும் படத்தை உருவிவிடுவார்கள் என்று அஞ்சிப் பெரும்பாலான சேவைகள் இத்தகைய பெட்டிக்குக் குறைந்த தரத்தையே அனுப்புகின்றன. எல்1 சாவியைத் தொழிற்சாலையில் பதிக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ரீசெட் செய்தால் அது முளைத்து வராது. தங்கள் சேவைப் பிரிவோ ஒவ்வொரு முறையும் ரீசெட் செய்யத்தான் சொல்கிறது.

கடைசியாகப் பேசியவர், டிவியின் மூலையில் '3840 x 2160' என்று தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். "அப்படியானால் 4கே வருகிறது சார்" என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார். அது பெட்டி டிவிக்கு அனுப்பும் அளவு; சேவை பெட்டிக்கு அனுப்பும் அளவு அல்ல. தாம்பாளம் பெரிது என்பதால் அதில் வைத்த சோறு பெருகிவிடாது. 480பி-யில் ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள், 4கே-யில் 83 லட்சம். இருபதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுப் பெயரையும் அட்டையில் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. பழைய ஹார்டு டிஸ்கை இணைத்ததும், அது பழுதாகிவிட்டதாகவும் ஃபார்மட் செய்ய ஓகே அழுத்துமாறும் திரையில் வந்தது. டிஸ்கில் எந்தப் பழுதும் இல்லை; அதன் கோப்பு அமைப்பைத் தங்கள் பெட்டிக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ரிமோட் அப்போது என் கையில் இருந்தது. எது கேட்டாலும் ஓகே அழுத்தும் என் தந்தையிடம் இருந்திருந்தால் தங்கையின் கல்யாண வீடியோ போயிருக்கும். 'படிக்க இயலவில்லை' என்று உள்ளதைச் சொல்ல என்ன தடை? முகப்புத் திரையை அடைக்கும் விளம்பரங்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்றே சொல்கிறது. அட்டையிலும் கையேட்டிலும் எல்3 என்ற பேச்சே இல்லை.

எனவே பெட்டியைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுகிறேன். எல்1 சான்று பெற்ற மாடல் இருந்தால், கூடுதல் கட்டணமின்றி மாற்றித் தந்தாலும் ஏற்பேன். அடுத்த வாங்குதலுக்கான தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

பில்லின் நகல், செயலி காட்டிய எல்3 திரையின் படம், அட்டையின் முகப்புப் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்