பேட்டரியைக் கழற்றும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சிக்கு முதுகுவலி குறைந்திருக்கிறதா? இங்கே அம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போது கம்பு இல்லாமலே நடக்கிறார். என் வேலையும் பரவாயில்லை. மாடி அறையிலேயே பக்திப் பாடல் ரெக்கார்டிங், இடையில் ஒன்றிரண்டு குறும்படம் என்று ஓடுகிறது.

மற்ற செய்திகளை அப்புறம் எழுதுகிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. உன் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டில் பேட்டரி செக் போட்டால் 2.3 வோல்ட் காட்டுகிறது, கடையில் கொடுத்து மாற்றப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அதன் உள்ளே இருக்கும் 32 டோன்களையும் உயிரோடு வைத்திருப்பது நாணயம் போல இருக்கும் அந்த ஒரு பேட்டரிதான். அதைப் பலகையிலிருந்து எடுத்த மறு நொடி எல்லாம் போய்விடும். கம்பெனி கொடுத்த டோன்கள் போனால் கவலையில்லை, எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். நீயே உருவாக்கிய நாகஸ்வர டோன் எங்கே கிடைக்கும்? அந்தக் கோயில் மணி? திருவிழாக் கச்சேரிகளில் நீ அந்த நாகஸ்வரத்தை எடுத்தால் மேடைக்குப் பின்னால் நிற்கும் நிஜ வித்வான்களே எட்டிப் பார்ப்பார்களே! ஃபீட்பேக் என்ற அமைப்பை 7 வரை ஏற்றிச் சீவாளியின் அந்தக் கரகரப்பை வரவழைத்தவன் நீ. எனக்குத் தெரிந்து அது வேறு யாரிடமும் இல்லை.

ஆகவே முதல் வேலை, அந்த 32-ஐயும் கம்ப்யூட்டருக்கு இறக்குவது. சின்ன வேலைதான். கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் வழிதான் மிடி. கீபோர்டின் மிடி அவுட்டிலிருந்து ஒரு வயரை, கம்ப்யூட்டரோடு இணைத்த இன்டர்ஃபேஸின் மிடி இன்னுக்குக் கொடு. விண்டோஸ் என்றால் மிடி-ஆக்ஸ், மேக் என்றால் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன், இரண்டையும் காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளலாம். கீபோர்டில் ஃபங்ஷன் போட்டு 8-ஆம் பட்டனைத் தட்டிக்கொண்டே போனால் ‘சிஸ் இன்ஃபோ’ வரும். அது ‘அன்அவெய்ல்’ என்று இருந்தால் ‘யெஸ்’ அழுத்தி ‘அவெய்ல்’ ஆக்கு. மறுபடி 8-ஐ அழுத்தினால் ‘மிடி டிரான்ஸ்மிட்?’ என்று கேட்கும். கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் போட்டுவிட்டு ‘யெஸ்’ கொடு. மிடி நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுவது. மொத்தமும் வந்து சேர ஒன்றரை நொடிகூட ஆகாது.

வந்துவிட்டது என்று உடனே நம்பிவிடாதே. ஃபைலின் அளவைப் பார். சரியாக 4,104 பைட் இருக்க வேண்டும். ஒரு டோனுக்கு 128 பைட், 32 டோனுக்கு 4,096. முன்னும் பின்னும் அடையாளத்துக்கும் சரிபார்ப்புக்கும் 8. ஒரு பைட் குறைந்தாலும் அந்த ஃபைல் உதவாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலிவாக விற்கும் யூஎஸ்பி மிடி கேபிள்கள் சிலவற்றில் நோட்டு வாசித்தால் ஒரு குறையும் தெரியாது, நீளமான சிஸ்எக்ஸ், அதாவது டோன் தகவலைச் சுமந்து வரும் மிடி செய்தி, வந்தால் மட்டும் நடுவில் பைட்டுகளை விழுங்கிவிடும். என்னிடமும் அப்படி ஒரு கேபிள் இருந்தது. கொஞ்சம் நல்ல இன்டர்ஃபேஸாக இரவல் வாங்கியாவது இதைச் செய். இரண்டு முறை இறக்கி இரண்டு ஃபைலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடு.

அடுத்து, ஃபைலில் வராத சங்கதி ஒன்று இருக்கிறது. 1983-இல் வந்த இந்த முதல் டிஎக்ஸ்7-இல் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் எவ்வளவு தூரம் வளைய வேண்டும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் போர்ட்டமென்டோ எவ்வளவு, மாட் வீல் எதை அசைக்க வேண்டும் என்பதெல்லாம் டோனோடு சேராது. மொத்த கீபோர்டுக்கும் பொதுவாக நிற்கும் அமைப்பு அது. 32 டோனையும் மொத்தமாக இறக்கும் அந்த டம்ப்பில் அது வராது. உன் நாகஸ்வரத்தின் உயிரே அந்தப் பெண்டில்தான். கமகத்துக்காக நீ ரேஞ்சை மாற்றி மாற்றி வைப்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டோனை மட்டும் காப்பாற்றி அந்த எண்ணை விட்டுவிட்டால், திரும்ப ஏற்றி வாசிக்கும்போது கை ஒன்று செய்யும், சத்தம் வேறொன்று செய்யும். ஆகவே ஃபங்ஷன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிவை. டம்ப் ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகப் போட்டுவை. எந்தப் பாட்டுக்கு, எந்தச் சுருதிக்கு, எந்த ஆக்டேவில் வாசித்தாய் என்பதையும் சேர்த்து எழுது. டோன் பெயருக்கு அந்த மெஷின் தருவது 10 எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில். அதற்குள் என்ன சொல்லிவிட முடியும்?

பேட்டரியை மாற்றிய பிறகு திரும்ப ஏற்றுவதும் இதே வழிதான், திசை மட்டும் மாறும். உள்ளே இருப்பது மாறிவிடாமல் தடுக்கும் இன்டர்னல் மெமரி புரொடெக்டை ஆஃப் செய்துவிட்டு, மிடி சேனலை 1-இல் வைத்து, ஃபைலை அனுப்பு. புது பேட்டரியை நேராகச் சால்டர் செய்யாமல் ஒரு ஹோல்டர் வைத்துவிடலாம். அடுத்த முறை மாற்ற யாரையும் தேட வேண்டாம். சி.ஆர். 2032 வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

எந்த சாஃப்ட்வேரில் வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். இதில் என் எண்ணம் உறுதியானது: மூலத்தை எப்போதும் வெறும் சிஸ்எக்ஸ் ஃபைலாகவே வைத்துக்கொள். அதற்கு மேல் டோன்களை அடுக்கிவைக்கும் எந்த லைப்ரேரியன் சாஃப்ட்வேரை வேண்டுமானாலும் பயன்படுத்து, ஆனால் அந்த சாஃப்ட்வேரின் சொந்த டேட்டாபேஸை மட்டும் நம்பியிருக்காதே. 90-களில் மேக்கில் ஆப்கோட் நிறுவனத்தின் கேலக்ஸி லைப்ரேரியன் என்றால் அவ்வளவு பெயர். 1998-இல் கிப்சன் அந்த நிறுவனத்தை வாங்கியது, கொஞ்ச காலத்தில் எல்லாம் நின்றுபோனது. ஈமேஜிக்கின் சவுண்ட்டைவரும் அப்படித்தான். 2002-இல் ஆப்பிள் ஈமேஜிக்கை வாங்கிய பிறகு அதன் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான லாஜிக் வளர்ந்தது, சவுண்ட்டைவர் கைவிடப்பட்டது. அவற்றின் உள்ளே மட்டும் டோன்களை அடுக்கி வைத்தவர்கள் பிறகு பழைய கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. வெறும் டம்ப்பாக வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 240-இல் தொடங்கி 247-இல் முடியும் சிஸ்எக்ஸின் அந்த எண் வரிசை 1983-இல் எப்படி இருந்ததோ இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் திறக்கலாம்.

இதைச் சொல்லும்போது என் கோர்க் எம்1 கீபோர்டு நினைவுக்கு வருகிறது. அதில் சிக்கல் வேறு. காம்பினேஷன் என்பது தனிச் சத்தம் இல்லை, எட்டு புரோகிராம் (அதில் டோனுக்கு அதுதான் பெயர்) வரை எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் ஒரு பட்டியல். பியானோவும் ஸ்டிரிங்ஸும் சேர்ந்த ஒரு காம்பியை மட்டும் நண்பருக்குக் கொடுத்தால், அவர் மெஷினில் அந்த எண்ணில் புல்லாங்குழல் இருந்தால் பியானோவுக்குப் பதில் புல்லாங்குழல்தான் வரும். ஆகவே எம்1-ஐ எப்போதும் முழு டம்ப்பாகவே எடு. புரோகிராம்களை இடம் மாற்றி அடுக்க வேண்டுமென்றால் அந்த எண் தொடர்புகளைத் தானே சரிசெய்யும் லைப்ரேரியன் தேவை. மிடி குவெஸ்ட் மாதிரி பல நூறு மெஷின்களுக்கு எழுதப்பட்ட காசு சாஃப்ட்வேர் அந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கத் தகுந்தது. டிஎக்ஸ்7-க்கு அது தேவையில்லை, அதற்கு டெக்ஸெட் (Dexed) போதும்.

டெக்ஸெட் இலவசம், டிஎக்ஸ்7-ஐக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே பின்பற்றும் பிளகின். உன் டம்ப் ஃபைலை அதில் திறந்தால் 32 பெயரும் வரிசையாக வந்து நிற்கும். இழுத்து இடம் மாற்றிப் புது பேங்க், அதாவது டோன் தொகுப்பு, உண்டாக்கலாம். இதைவிடப் பெரிய சுகம் வேறு இருக்கிறது. மிடி போர்ட்டை உன் கீபோர்டுக்குத் திருப்பிவிட்டால் திரையில் நீ நகர்த்தும் ஒவ்வொரு நாபும் நிஜ டிஎக்ஸ்7-இல் மாறும். பின்வெளிச்சம் இல்லாத அந்த இரண்டு வரி டிஸ்ப்ளேயை மேடை இருட்டில் உற்றுப் பார்த்து, ஒரே ஒரு ஸ்லைடரால் எண்களை மாற்றினாயே, இப்போது டோனை உண்டாக்கும் ஆறு ஆபரேட்டரின் என்வலப்பும், அதாவது சத்தம் ஏறி இறங்கும் வடிவமும், கண்ணெதிரே கோடாக நிற்கிறது. உன் கோயில் மணியைத் திறந்து பார். எந்த ஆபரேட்டரின் அதிர்வெண் விகிதம் முழு எண்ணாக இல்லாமல் நிற்கிறதோ அதுதான் அந்த வெண்கல நாதத்தைத் தருகிறது. நீ காதை நம்பி வைத்த எண்களைத் திரையில் பார்க்கும்போது உன் மேல் எனக்கு இன்னும் மரியாதை கூடும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் பிளகினே போதாதா என்று கேட்பாய். பாட்டு எழுதும்போது போதும், நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். கடைசி ரெக்கார்டிங்குக்கு நிஜ மெஷின்தான் எனக்குப் பிடிக்கிறது. எண்களை ஒலி மின்சாரமாக மாற்றும் அதன் 12 பிட் டிஏசி தரும் லேசான கரடு மிக்ஸில் தனியாக நிற்கிறது. ஒவ்வொரு பாட்டின் புராஜெக்ட்டிலும் முதல் பாரில் டோனை மாற்றச் சொல்லும் புரோகிராம் சேஞ்ச் என்ற மிடி கட்டளை ஒன்றை வைத்துவிடுகிறேன், திறந்து வாசித்தால் டோன் தானே மாறிவிடும். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் டோன் பெயர்ப் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதிக் கொடுத்தால் எண்ணுக்குப் பதில் பெயரே தெரியும். ஒன்றை மட்டும் கவனி: கீபோர்டு 1 என்று காட்டுவதை மிடி 0 என்று அனுப்பும். பட்டியலை 0-இலிருந்து தொடங்கு.

நம் குழுவில் தபேலா வாசித்த அண்ணனைப் போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். உன்னைத்தான் முதலில் விசாரித்தார். கை இன்னும் அப்படியே இருக்கிறது.

பேட்டரி வேலைக்குக் கடையெல்லாம் வேண்டாம். பொங்கல் கழிந்த வாரம் நான் அந்தப் பக்கம் வருகிறேன், இன்டர்ஃபேஸும் சால்டரிங் அயர்னும் கொண்டுவருகிறேன். அதற்குள் வோல்ட்டேஜ் இன்னும் இறங்கினால் உடனே போன் போடு, முன்னதாகவே வந்துவிடுகிறேன். இன்னொன்று, உன்னிடம் டோன்களைச் சேமிக்கும் ஒரு ரேம் கார்ட்ரிட்ஜ் இருந்ததே, அதற்குள்ளும் தனி பேட்டரி உண்டு. அதைத் தேடி எடுத்து வை. அந்த உறுமி டோன் கீபோர்டில் இல்லையென்றால் அதில்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்