அந்த நாலு நிமிஷம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டிரையத்லான் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கிற இந்த விளையாட்டுக்குத் தமிழில் நாலு பக்கம் ஒதுக்குவதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், தனியாகப் பயிற்சிக்கு நேரமில்லாதவர்கள் வேலைக்குப் போகும் சைக்கிள் பயணத்தையே வேகப் பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு இடது தோளில் சுரீர் என்றது. காரணம் சொல்கிறேன்.

ஆறு வருஷமாக சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு வழிக்கு 11 கிலோமீட்டர். டிரையத்லான் அதற்கு அப்புறம் பிடித்த பித்து. நான் பதக்கம் வாங்கும் ரகம் இல்லை. ஒலிம்பிக் தூரம் என்று சொல்கிற 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டத்தை, பந்தலைப் பிரிப்பதற்குள் முடித்துவிட்டால் போதும் என்கிற ரகம்.

கட்டுரையாளருக்கு வந்த யோசனை எனக்கும் வந்ததுதான். தினமும் 22 கிலோமீட்டர் சும்மா போகிறதே, அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்த்தால் என்ன? கைக்கடிகாரத்தில் நேரம் பார்க்க ஆரம்பித்தேன். 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 26 நிமிஷம் சொச்சம். 30-க்கு ஏற்றினால் 22 நிமிஷம். மிச்சம் நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷம் சுலபமாகக் கிடைப்பதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்காகிறது. 25-லிருந்து 30-க்குப் போவதற்கே, காற்றுக்கு மட்டும் சுமார் 70 சதவீதம் கூடுதலாகக் கொட்டி அழ வேண்டும். அப்படி மிதித்து அடுத்த சிக்னலில் போய் நின்றால், பின்னால் சாவகாசமாக வந்த ஒருவர் பக்கத்தில் வந்து காலை ஊன்றுவார். அவருக்கு மூச்சுகூட வாங்காது.

அதிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அன்றைக்கு மூன்று சிக்னலும் பச்சை. அதுவரை எட்டாத நேரம் எட்டிவிடும்போல இருந்தது. ஓரமாக நின்றிருந்த கார்களை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தவன், எவ்வளவு ஆயிற்று என்று ஒரு கணம் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்தால் முன்னால் கார்க் கதவு. பிரேக்கில் விரல் பட்டதா என்றுகூட நினைவில்லை. நான் ஒரு பக்கம் கிடக்க, சைக்கிள் இன்னொரு பக்கம் கிடந்தது. அதன் பின்சக்கரம் டிக் டிக் டிக்கென்று சுற்றி மெதுவாக ஓய்ந்த சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. காறை எலும்பு உடைந்து, ஆறு வாரம் கையைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பார்த்தால் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய என் சராசரி வேகம், மணிக்கு 3 கிலோமீட்டர்.

கதவைத் திறந்தவர் மேல் தப்பு இல்லையா என்றால், இருக்கிறது. நெதர்லாந்தில் கார்க் கதவை அதன் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல், தள்ளியிருக்கும் கையால் திறக்கச் சொல்லித் தருகிறார்கள். அப்படித் திறக்கும்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். அவர் அப்படித் திறந்திருக்கலாம். நானும் ஒரு மீட்டர் தள்ளிப் போயிருக்கலாம், சாலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். நாலு நிமிஷத்துக்காக இரண்டையும் விட்டவன் நான்.

பந்தயத்திலேயே சைக்கிளுக்கு எத்தனை கட்டு இருக்கிறது, பாருங்கள். ஹெல்மெட் வாரை மாட்டாமல் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்க முடியாது. தரையில் போட்ட கோட்டைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அயர்ன்மேன் என்கிற நீண்ட தூர டிரையத்லான் பந்தயங்களில் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். திருப்பத்துக்குத் திருப்பம் ஆள் நிற்பார்கள். அங்கே அடக்கி வாசிக்கிற நாம், பள்ளிக்கூட வேன்களுக்கும் பஸ்களுக்கும் நடுவில் மட்டும் சூரப்புலி ஆகலாமா?

சரி, அந்த 22 கிலோமீட்டர் வீணா என்றால், அதுதான் இல்லை. இப்போது பக்கத்தில் ஒருவர் வந்தால் பேசிக்கொண்டே போக முடிகிற வேகத்தில்தான் போகிறேன். நீண்ட தூரப் பயிற்சியில் பெரும்பகுதி அந்த மாதிரி நிதானத்தில்தான் இருக்க வேண்டும் என்பதுதான் பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்வதும். வாரத்துக்கு 110 கிலோமீட்டர் அதில் அலுங்காமல் சேர்ந்துவிடுகிறது. வேகப் பயிற்சிக்கு ஞாயிறு விடியற்காலை, ஆளில்லாத சாலை.

இன்னொன்று பஞ்சர். இருட்டில், மழையில், ஆபீசுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் டியூப் மாற்றிப் பழகியவனுக்குப் பந்தயத்தில் பஞ்சர் ஆனால் கை நடுங்குவதில்லை. புது டியூப் போடும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். மயிரிழை அளவுக் கம்பித் துணுக்கு ஒன்று எங்கேயாவது குத்திக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதை எடுக்காமல் டியூபைப் போட்டால் பத்து நிமிஷத்தில் மறுபடி கீழே உட்கார வேண்டியதுதான். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தை, அதாவது டிரான்சிஷனை, நாலாவது விளையாட்டு என்பார்கள். எனக்கு அதில் தினப் பயிற்சி உண்டு. ஆபீஸ் கழிப்பறையில் ஒரு குழாய், ஒரு கைத்துண்டு, எட்டு நிமிஷம். வியர்வையைத் துடைத்து, சட்டை மாற்றி, தலை வாரி வெளியே வந்துவிடுவேன். ஒரே ஒரு தடவை பேன்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். காலைக் கூட்டம் முழுக்க மேஜையை விட்டு எழுந்திருக்காமல் சமாளித்தது தனிக் கதை.

முடிக்கும் முன் ஒரு திருத்தம். டிரையத்லான் 1978-இல் ஹவாயில் பிறந்தது என்று கட்டுரை சொல்கிறது. அங்கே அந்த வருஷம் 15 பேருடன் தொடங்கியது அயர்ன்மேன். அதற்கு நாலு வருஷம் முன்பே, 1974 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் மிஷன் பே என்ற இடத்தில் 46 பேர் டிரையத்லான் செய்துவிட்டார்கள். பிற்பாடு ஹவாயில் அயர்ன்மேனைத் தொடங்கிய ஜான் காலின்ஸும் அதில் கலந்துகொண்டவர்தான். அந்தப் பந்தயத்தில் சைக்கிள் தூரம் 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர். நான் வேலைக்குப் போகிற தூரத்தைவிடக் குறைவு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிட்டால் மகிழ்வேன். அப்படியே பக்கத்தில் இரண்டு அங்குலம் இடம் இருந்தால், அந்த வேகப் பயிற்சி வரியையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நிதானமாக மிதிக்கும் ஒரு வாசகன்