பொத்தான் அரபியில், கணக்கு வேறெங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

அரபு மொழியில் எடை குறைப்புச் செயலிகளுக்குப் பஞ்சமில்லை. வளைகுடா வாடிக்கையாளர்களுக்கு நம்மூர் மென்பொருள்காரர்களும் வேலை செய்வதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: பலவற்றில் பொத்தான்கள் மட்டும்தான் அரபி.

அரிசியும் இறைச்சியும் சேர்த்துச் சமைக்கும் அரபு உணவான கப்ஸாவை எடுத்துக்கொள்வோம். செயலி அதை வெறும் சோறாக எண்ணி, 100 கிராமுக்கு 130 கலோரி என்று முடித்துவிடும். 6 பேர் உண்ணும் சஹனுக்கு (பெரிய தட்டுக்கு) 150 மி.லி. எண்ணெய் ஊற்றினால் ஆளுக்கு 25 மி.லி.; அதிலேயே 200 கலோரி கணக்கில் வராமல் போகிறது. ஒரே தாலத்தில் சேர்ந்து உண்பவரிடம் "எத்தனை கப்?" என்று கேட்டும் பயனில்லை. சமைத்தபோது போட்ட அரிசி, எண்ணெய் எடையைப் பதிந்து ஆள் கணக்கில் வகுக்கும் வசதி வேண்டும். இறைச்சித் துண்டைத் தனியே பதிய வேண்டும். அது யாருக்கும் சமமாக வருவதில்லை.

அடுத்தது எண்கள். அரபு எண் வடிவில் 72.5 என்று அடித்தால் தசமக் குறி நம் புள்ளி அல்ல, காற்புள்ளி போன்ற வேறு குறி. அது தெரியாத செயலி 725 கிலோ என்று எடுத்துக்கொள்ளும், அல்லது பெட்டியைக் காலியாக்கும். எழுத்தை வலமிருந்து இடமாகத் திருப்பிவிட்டு வரைபடத்தை அப்படியே விட்டால் இன்னும் மோசம்: வலப்பக்கமிருந்து படிப்பவர் கண்ணுக்கு, இறங்கிய எடை ஏறியதாகத் தெரியும்.

ரமலானில் நிலைமை வேறு. பகல் முழுக்க "தண்ணீர் குடியுங்கள்" என்று நினைவூட்டல் வரும். நள்ளிரவு 12 மணிக்கு நாள் மாறுவதால், இரவு 1 மணிக்கு உண்ட கப்கா (வளைகுடாவின் ரமலான் பின்னிரவு விருந்து) மறுநாள் காலை உணவாகப் பதிவாகும். நோன்பு மாதத்துக்காவது மஃக்ரிபிலிருந்து (சூரியன் மறையும் நேரத்திலிருந்து) மஃக்ரிபுக்கு நாளைக் கணக்கிட வழி இருக்க வேண்டும்.

செயலியைச் சோதிக்க ஒரு எளிய வழி. 35 வயதுப் பெண், 160 செ.மீ., 70 கிலோ, உட்கார்ந்த வேலை, வாரம் 2 கிலோ குறைய வேண்டும் என்று கொடுங்கள். வயது, உயரம், எடையை வைத்துக் கலோரிச் செலவைக் கணிக்கும் மிஃப்லின் சூத்திரப்படி, உட்கார்ந்த வேலையையும் சேர்த்தால், அவருடைய தினசரிச் செலவு சுமார் 1,640 கலோரி. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் 7,700 கலோரி என்று வைத்தால் இலக்குக்குத் தினமும் 2,200 கலோரி குறைக்க வேண்டும், செலவையே தாண்டுகிறது. மறுக்காமல் 800 கலோரித் திட்டத்தை நீட்டும் செயலியை அப்போதே அழித்துவிடலாம். நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறாரா என்று கேட்காத செயலியும் அதே ரகம்தான்.

- ஊட்டச்சத்து ஆலோசகர், ஷார்ஜா