இருபது மணி நேரம், திங்கள் முதல் ஞாயிறு வரை

பாப்பா,

நீ அனுப்பிய ரெண்டு போட்டோவும் பார்த்தேன். நவம்பர் மாத வார்டு ரோட்டா (ஷிப்ட் அட்டவணை) ஒன்று, அந்த முதியோர் இல்லத்திலிருந்து (கேர் ஹோம்) வந்த வேலை ஆஃபர் இன்னொன்று. "வாரத்துக்கு ரெண்டு நைட், இரவு 8 முதல் காலை 8, அரை மணி நேர பிரேக் போக 11.5 மணி நேரம். சரியாத்தானேம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை. 11.5ஐ இரண்டால் பெருக்கினால் 23 வருகிறது. பிரிட்டனில் நர்ஸிங் படிக்கும் உன்னுடைய ஸ்டூடன்ட் விசாவில் படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். அந்த மேனேஜர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அங்கே எல்லாருக்கும் ஷிப்டை 11.5 ஆகத்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள். உனக்கு அது பொருந்தாது என்பதை நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்த இருபதில் இன்னும் ரெண்டு பொறி இருக்கிறது. முதலாவது, இது சராசரிக் கணக்கு இல்லை. இந்த வாரம் 23, அடுத்த வாரம் 17, மொத்தம் 40 என்று சமாளிக்க முடியாது. ஒரே ஒரு வாரம் தாண்டினாலும் மீறல்தான்.

இரண்டாவதுதான் பலரும் விழும் பள்ளம். விசாவுக்கு வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. சம்பளக் கணக்கை ஞாயிறு முதல் சனி வரை போடும் இடங்கள் உண்டு. நீ புதன்கிழமை ஒரு பகல் ஷிப்டும், அதே வார ஞாயிறு ஒரு பகல் ஷிப்டும் பார்த்தால், அப்படிப்பட்ட இடத்தின் பேஸ்லிப்பில் அவை வெவ்வேறு வாரத்தில் 11.5, 11.5 என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். விசா கணக்கில் ஒரே வாரத்தில் 23. ஞாயிறு நைட் போனால் நள்ளிரவுக்கு முந்தைய 4 மணி நேரம் இந்த வாரம், மீதி அடுத்த வாரம். அதனால் அவர்கள் கணக்கை நம்பாதே. சின்ன நோட்டு ஒன்று போட்டு தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பிரேக் எல்லாம் நீயே எழுது. இண்டக்ஷன், வேலைக்கான ஆன்லைன் டிரெய்னிங், ஹேண்டோவர் (அடுத்த ஷிப்ட் ஆளிடம் விவரம் சொல்லி ஒப்படைப்பது) நீண்டு போன கால் மணி நேரம் எல்லாம் வேலை நேரம்தான். சம்பளம் இல்லாத வேலையும் கணக்கில் சேரும். ரெண்டு இடத்தில் வேலை பார்த்தால் ரெண்டும் சேர்த்துத்தான் 20.

உன் பிளேஸ்மென்ட், அதாவது வார்டில் செய்யும் பயிற்சி, அந்த இருபதில் சேராது. படிப்பின் ஒரு பகுதியாக, மதிப்பீட்டோடு நடப்பதால் அது தனி. சட்டம் இடம் கொடுக்கிறதே என்று பிளேஸ்மென்ட்டின் வாரம் 37.5 மணி நேரத்துக்கு மேல் இந்த 20ஐ ஏற்றி வைத்தால் 57.5 ஆகிறது. அதற்கு உடம்பு இடம் கொடுக்காது.

உன் ரோட்டாவையே எடுத்துக்கொள்வோம், நவம்பர் இரண்டாவது வாரம். திங்கள், செவ்வாய் லாங் டே, காலை 7 முதல் இரவு 7.30. புதன் ஓய்வு. வியாழன் ஸ்டடி டே. வெள்ளி மறுபடி லாங் டே. சனி, ஞாயிறு ஓய்வு. இதைப் பார்த்ததும் புதன்கிழமையைத்தான் கேர் ஹோமுக்குக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதே. ரெண்டு லாங் டே முடித்த கால்களுக்கு அந்த நாள் தேவை. திங்கள் முதல் வெள்ளிக்குள் அசைன்மென்ட்டுக்கு முழுதாகக் கிடைக்கும் பகலும் அது ஒன்றுதான். புதன் நைட் போனால் வியாழன் காலை 8 மணிக்கு முடியும், ஸ்டடி டேயில் போய் உட்கார்ந்து தூங்குவாய். வெள்ளி இரவு 7.30க்கு வார்டை முடித்து 8 மணிக்குக் கேர் ஹோம் போனால் இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்க வேண்டும், அது பேச்சுக்கே இடமில்லை. சனி காலை ஷிப்டில் சட்டப்படி வேண்டிய 11 மணி நேர இடைவெளி கிடைக்கிறது. ஆனால் அதில் போக வர பஸ், குளியல், சாப்பாடு எல்லாம் கழிந்து ஆறு மணி நேரம் தூங்கினால் பெரிது.

மிச்சம் இருப்பது சனி மதியம் 2 முதல் 8 வரை, ஒரே ஒரு ஆறு மணி நேர ஷிப்ட். ஞாயிறு முழுசாக உனக்கு. பிளேஸ்மென்ட் வாரத்தில் அவ்வளவுதான், அதுவும் கட்டாயமில்லை. லாங் டேக்கு முந்தின ராத்திரி எதையும் ஒப்புக்கொள்ளாதே. முதல் ரெண்டு பிளேஸ்மென்ட் வாரங்களில் அந்தச் சனியும் வேண்டாம். புது வார்டில் எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிவதற்குள்ளேயே மனுஷன் களைத்துவிடுவான்.

சம்பாதிக்கிற காலம் தியரி பிளாக், அதாவது வார்டு இல்லாமல் வகுப்பு மட்டும் நடக்கும் வாரங்கள். அப்போது ஒரு 11.5 மணி நேர ஷிப்டும் ஒரு 7.5 மணி நேர ஷிப்டும் எடுத்தால் 19. மீதி ஒரு மணி நேரத்தை நிரப்ப நினைக்காதே. ஹேண்டோவர் இழுத்தாலும், அடுத்த ஆள் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் அதுதான் உன்னைக் காப்பாற்றும்.

பணத்தையும் இதோடு சேர்த்துப் பார். 2026 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 21 வயது நிறைந்தவர்களுக்கு மணிக்கு 12.71 பவுண்டு, 18 முதல் 20 வரை 10.85 பவுண்டு. உனக்கு இன்னும் 20தான். வயது பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சம்பளம் தரும் இடங்களும் உண்டு, கேட்டுப் பார். 10.85 என்றே வைத்தால் தியரி வாரத்தில் 19 மணி நேரத்துக்கு 206 பவுண்டு வரும், பிளேஸ்மென்ட் வாரத்தில் ஆறு மணி நேரத்துக்கு 65. பத்து வாரம் தியரி, எட்டு வாரம் பிளேஸ்மென்ட், ஒரு வாரமும் விடாமல் வேலை பார்த்ததாக எடுத்தால் 18 வாரத்துக்கு 2582 பவுண்டு. வாரத்துக்கு 143தான். தியரி வாரத்தில் கையில் 206 இருக்கும்போது 206க்குச் செலவு செய்யப் பழகியவர்கள்தான் பிளேஸ்மென்ட் நடுவில் வாடகைக்கு நைட் ஷிப்ட் தேடுகிறார்கள். உன் வாரச் சம்பளம் 143 என்று மனதில் எழுதிக்கொள். மீதி 63ஐ வேறு அக்கவுண்ட்டில் போட்டுவிடு. ஃபீஸ் எங்கள் பொறுப்பு, அதை நீ தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

கோடை விடுமுறை பற்றி ஒன்று. விடுமுறையில் முழுநேரம் வேலை பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் யாருடைய விடுமுறை? பல்கலைக்கழக இணையதளத்தில் போட்டிருக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான விடுமுறை நர்ஸிங்குக்கு இல்லை. மூன்று வருடத்தில் 4600 மணி நேரம் முடிக்க வேண்டும், அதில் பாதி, 2300, பிராக்டிஸ். 37.5ஆல் வகுத்தால் 61 வாரத்துக்கு மேல் வருகிறது. அதனால் உங்கள் காலண்டர் வேறு. உன் கூட வீட்டில் இருக்கும் பிசினஸ் படிக்கிற பெண் ஜூலையில் வாரம் 40 மணி நேரம் போவாள். அதே வாரம் உனக்குப் பிளேஸ்மென்ட் இருந்தால் உனக்கு 20தான். காய்ச்சலில் விட்ட மணி நேரங்களை விடுமுறையில் ஈடுகட்டச் சொன்னால் அந்த வாரமும் விடுமுறைதானா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. உன் கோர்ஸ் தேதிகளைப் போட்டுப் பல்கலைக்கழகத்தில் கடிதம் வாங்கி வேலை கொடுப்பவரிடம் கொடு. நல்ல இடம் தானே கேட்கும். கேட்காமல் விடுகிறவர்களுக்கே அபராதம் விழலாம், முதல் முறையே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை. ஷேர் கோடு (உன் வேலை உரிமையை ஆன்லைனில் பார்க்கும் எண்) மட்டும் வாங்கிக்கொண்டு "எல்லாம் ஓகே" என்று சொல்லும் இடத்தைவிட, இந்தக் கடிதத்தைக் கேட்டு நச்சரிக்கும் இடம் உனக்கு நல்லது.

48 மணி நேர ஆப்ட்-அவுட் ஃபாரம் ஒன்றையும் நீட்டுவார்கள், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலும் வேலை பார்க்கச் சம்மதம் என்று. அது வேறு சட்டம். கையெழுத்துப் போட்டாலும் உன் இருபது நாற்பது ஆகிவிடாது. சாப்பாடு டெலிவரி ஆப் பக்கம் போகவே வேண்டாம். அது சுயதொழில் கணக்கு, ஸ்டூடன்ட் விசாவில் கூடாது. வேறொருவர் அக்கவுண்ட்டில் ஓட்டுவது அதைவிட மோசம்.

என்னைக் கேட்டால் முதல் வருடத்துக்குப் பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும் ஓப்பன் டே வேலை, நூலக வேலைதான் சிறந்தது. மணி நேரம் குறைவு, ஆனால் உன் டைம்டேபிள் அவர்களுக்குத் தெரியும். அடுத்தது ஆஸ்பத்திரி பேங்க் ஷிப்ட், அதாவது ஆள் குறையும்போது கூப்பிடும் தற்காலிக வேலை, வேண்டும்போது எடுக்கலாம், வேண்டாதபோது விடலாம். வீடு வீடாகப் போகும் கேர் வேலை வேண்டாம். காரில்லாமல் மழையில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஓட வேண்டும், நடுவில் போகும் நேரத்துக்குப் பணம் கேட்டுச் சண்டை போடவும் வேண்டும்.

கேர் ஹோம் என்று முடிவானால், அங்கே நீ கேர் அசிஸ்டன்ட், ஸ்டூடன்ட் நர்ஸ் இல்லை. வார்டில் கற்றுக்கொண்ட மருந்து வேலையை அங்கே தொடாதே, "நீ நர்ஸிங்தானே படிக்கிற" என்று யார் சொன்னாலும். அந்த மணி நேரம் உன் 2300இல் சேராது, தப்பு நடந்தால் மட்டும் பல்கலைக்கழகம் வரை வரும். ஹாயிஸ்ட்டுக்கு (ஆளைத் தூக்கி மாற்றும் கருவி) ரெண்டு பேர் வேண்டும் என்று கேர் பிளானில் எழுதியிருந்தால் ரெண்டு பேர்தான். ராத்திரி மூன்று மணிக்கு ஆளில்லை என்று தனியாகத் தூக்கினால் போவது உன் இடுப்பு. வாந்தி பேதி வந்தால் கடைசியாக நின்று 48 மணி நேரம் ஆகும் வரை ரெண்டு இடத்துக்கும் போகக் கூடாது. குளிர்காலத்தில் இது வரும், அந்தச் சம்பள இழப்புக்கும் சேர்த்துத்தான் அந்த 63.

முதல் பேஸ்லிப்பில் டாக்ஸ் கோடு பார். 1257எல் இருக்க வேண்டும். 0டி (0T) என்று இருந்தால் முதல் பவுண்டிலிருந்தே வரி பிடிப்பார்கள். சேரும்போது ஸ்டார்டர் செக்லிஸ்ட் சரியாக நிரப்பாததுதான் பெரும்பாலும் காரணம். திரும்ப வாங்கலாம், ஆனால் அந்த மாத வாடகை காத்திருக்காது.

தியரி வாரத்தில் நைட் எடுத்தால்: அன்று மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கு. காபி விடிகாலை 3க்குப் பிறகு வேண்டாம். நடுராத்திரியில் வயிறு முட்டச் சாதம் சாப்பிடாதே. 7 மணிக்கே சாப்பிட்டுவிட்டு, டப்பாவில் ரெண்டு சப்பாத்தியோ இட்லியோ கொண்டு போ. மறுநாள் காலை ஒன்றரை மணி நேரம் மட்டும் தூங்கி எழு, ராத்திரி சீக்கிரம் படு. பகல் முழுக்கத் தூங்கினால் அடுத்த மூன்று நாளும் தூக்கம் கெடும்.

வேலையால் முதலில் சறுக்குவது பரீட்சை இல்லை, பிராக்டிஸ் டாக்குமென்ட், அதாவது பிளேஸ்மென்ட் மணி நேரமும் மதிப்பீடும் பதியும் ஏடு. ஒவ்வொரு வாரமும் மணி நேரத்துக்கு சூப்பர்வைசரிடம் அந்த வாரமே கையெழுத்து வாங்கு. கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அன்றைக்கு அவர் லீவில் இருப்பார். மிட்பாயின்ட் மீட்டிங்கைத் தள்ளிப் போடாதே. குறை இருந்தால் அங்கே சொன்னால்தான் சரிசெய்ய நாள் இருக்கும். மருந்துக் கணக்கில் 100க்கு 100 வாங்காமல் கோர்ஸ் முடியாது. பஸ்ஸில் தினம் பத்துக் கணக்கு போடு. 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் 180 மில்லிகிராம் எவ்வளவு? 180ஐ 120ஆல் வகுத்து 5ஆல் பெருக்கு, 7.5 மில்லி. நைட் முடித்த காலையில் இதே கணக்கைப் போட்டுப் பார். எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று நீயே குறித்து வை.

அந்த மேனேஜருக்கு இன்று இரவே எழுது: "பிளேஸ்மென்ட் வாரங்களில் சனி மதியம் ஆறு மணி நேரம் மட்டும். மற்ற வாரங்களில் ஒரு 11.5, ஒரு 7.5. ஞாயிறு நைட் கிடையாது. கோர்ஸ் தேதிக் கடிதம் இணைத்திருக்கிறேன்." ஒத்துக்கொண்டால் சேர். "முதல்ல சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் விட்டுவிடு, பேங்க் வேலைக்கு விண்ணப்பம் போடு. டிசம்பர் ரோட்டா வந்ததும் போட்டோ அனுப்பு. பருப்புப்பொடி பார்சல் போட்டாயிற்று, அப்பா ரெண்டு பாக்கெட் என்றார், நான் மூன்று வைத்திருக்கிறேன்.

அம்மா